அம்மா வெளிநாட்டில் இருக்கும் கோப்புகள்

தெரணியகலைப் பக்கத்து மின்னல் நேரம் தவறாத ஆசாமி. சித்திரை பிறந்துவிட்டால் பகலெல்லாம் வெயிலைக் காயவிடும், ரப்பர் மலைக்குப் பின்னால் மெல்லக் கறுக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் பார்த்து இறங்கும். அந்த வருஷம் அது கொரக்காவத்தைத் தோட்டத்து ஆப்பீஸைத் தேர்ந்தெடுத்தது. கூரையில் விழவில்லை. டெலிபோன் கம்பி வழியாக நல்ல பிள்ளை மாதிரி உள்ளே வந்து, பின்னறையில் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த சேர்வரைத் தொட்டுவிட்டுப் போனது. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களின் கணக்கு வழக்கு, கடிதம், படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிற பெரிய கொம்பியூட்டர்தான் அந்தச் சேர்வர். அது ஒரு தடவை பொரிந்து, கருகிய வாசத்தோடு அடங்கிப்போனது.

பெரிய கிளாக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒக்கோம இவரய்!" என்று சிங்களத்தில் கத்தினார். எல்லாம் முடிந்ததாம். அவர் எதற்கும் அப்படித்தான், பேனா காணாமல் போனாலும் எல்லாம் முடிந்துவிடும்.

தர்மிளா மட்டும் பதறவில்லை. அந்த ஆப்பீஸின் கொம்பியூட்டர்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்தில் பிறந்து, இரத்தினபுரிக்குப் போய்ப் படித்து, அதே தோட்டத்து ஆப்பீஸில் மேசையும் கதிரையுமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தவள். பக்கத்துக் கட்டடத்தில், பூட்டிய அலுமாரிக்குள் இன்னொரு பெட்டி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சேர்வரில் இருப்பதையெல்லாம் இரவிரவாகப் பிரதி எடுத்து அந்தப் பெட்டிக்குள் போட்டு வைக்க ஒரு மென்பொருள் போட்டிருந்தாள். அப்படி ஒரு பேக்கப் வேண்டும் என்று அவள் கேட்டபோது, இதெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு உள்ள ஆடம்பரம் என்று சிரித்தவர்கள், இப்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பேக்கப் இருக்குங்க சேர்" என்றாள் தர்மிளா. அதைச் சொல்லும்போது உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பெருமைப்படுவதில் என்ன தப்பு? அந்த வேலையில் யாராவது கவனிக்கிற நாளே வருஷத்தில் ஒன்றுதான்.

புது டிஸ்க் வந்தது. வரக்காப்பொலயில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் முக்தார் நானாவே நேரில் வந்து பொருத்திவிட்டுப் போனார். பெட்டிக்குள் இருந்ததெல்லாம் சேர்வருக்குத் திரும்பி ஓடி வந்தது. ரப்பர் பால் நிறுவைக் கணக்கு வந்தது, தேயிலைக் கொழுந்துக் கணக்கு வந்தது, தோட்டத்தை நடத்துகிற தொரை பத்து வருஷமாக யாருக்கும் அனுப்பாமல் எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதம்கூட வந்தது. திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் எரிந்தது. தோட்டமே தர்மிளாவை ஒரு வாரம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அந்த வாரம் முடிவதற்குள் ஜீவராணி வந்தாள்.

ஜீவராணி கீழ்ப்பிரிவு லயத்துக்காரி. கைப்பிள்ளையை விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். போன வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டு டெலிபோனில் கொஞ்ச நேரம் பேச விடுவார்கள், அவ்வளவுதான். படம் பார்க்க வழியில்லை. ஒப்பந்தத்தை முடித்து, இன்னொரு ஒப்பந்தத்தையும் முடித்து, இப்போதுதான் ஊர் வந்து சேர்ந்திருக்கிறாள். கூட வந்திருந்தவர் கிருஷ்ணகுமாரி மிஸ். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவர். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போனபின் கைப்பிள்ளை முதல் பள்ளி போகாத பிள்ளை வரை அத்தனையும் அவர் கையில்தான்.

"தங்கச்சி, எம் புள்ளையோட வீடியோ எல்லாம் இங்கதான் இருக்குன்னு மிஸ் சொன்னாங்க. பாக்கலாமுங்களா?" என்றாள் ஜீவராணி. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

மிஸ் பெருமையோடு சொன்னார்: "நடந்தது, பேசினது, விழுந்தது, எந்திரிச்சது எல்லாத்தையும் புடிச்சு வச்சிருக்கேன் தர்மிளா. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் போன்ல சொல்லுவேன், நீ வந்ததும் மொதல் வேலையா காட்டுறேன்னு. இவ அதுக்காகவே நாளை எண்ணிக்கிட்டு இருந்திருக்கா."

"புள்ள எங்கிட்ட வர மாட்டேங்குது தங்கச்சி" என்றாள் ஜீவராணி, கேட்காமலே. "அத்தைன்னு நாத்தனார் பின்னாடியேதான் ஓடுது. என்னைய எதுவும் சொல்லிக் கூப்புடுறதில்ல. அதுக்கு என்னா புடிக்கும், எதுக்குப் பயப்படும், ஒண்ணும் தெரியல எனக்கு. அந்த வீடியோவப் பாத்தாலாச்சும் அது மனசுல ஒரு எடம் கெடைக்கும்."

தர்மிளா பிள்ளைக்காம்பராவின் கோப்புறையைத் திறந்தாள். பிள்ளைக்கொரு உறை. ஜீவராணியின் பிள்ளை பெயரில், சதுஷிகா என்று ஒன்று இருந்தது. திறந்தாள். உள்ளே ஒரே ஒரு படம்: 'சதுஷிகா தடுப்பூசி.' ஒரு நர்ஸின் தோளும் அழுகிற வாயும் தெரிந்தன. வேறு ஒன்றுமில்லை.

பக்கத்து உறையைத் திறந்தாள். கிருஷாந்த் என்ற பிள்ளையின் உறை நிறைய வீடியோக்கள். அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. திரும்பிச் சதுஷிகாவுக்கு வந்தாள். அதே தடுப்பூசி.

"வேற எடத்துல இருக்கும் அக்கா, தேடிப் பாத்துச் சொல்றேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கும் மறுநாளும் தேடினாள். இல்லை. அழுக்குக் கூடைத் துணியை உதறுவது போல அந்தச் சேர்வரையே உதறிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பெட்டிக்குள்ளும் இல்லை. மிஸ்ஸின் போனிலும் லெப்டொப்பிலும் இல்லை, இருக்கவும் முடியாது. "போன்லயும் லெப்டொப்புலயும் வச்சிருக்காதீங்க மிஸ், சேர்வர்ல போட்டுட்டு அழிச்சிருங்க, அதுதான் பாதுகாப்பு" என்று படித்துப் படித்துச் சொன்னவளே தர்மிளாதான். மிஸ் சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷி.

பயம் ஒருபக்கம் இருக்க, இன்னொரு பக்கம் அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு புகுந்துகொண்டது. போனால் மொத்தமாகப் போகவேண்டும், வந்தால் மொத்தமாக வரவேண்டும். ஒரு பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு வருவானேன்? நெல்லுக்குள் கல்லைப் பொறுக்குவது போல யார் பொறுக்கினார்கள்?

எல்லா உறையையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தாள். சதுஷிகா தனியாக இல்லை. இன்னும் சில பிள்ளைகளின் உறைகளும் வெறிச்சென்று கிடந்தன. பெரிய வீடியோக்களைத்தான் விட்டிருக்குமோ என்று பார்த்தாள். அதைவிடப் பெரியவை பத்திரமாக வந்திருந்தன. பழைய வருஷத்ததோ? எல்லா வருஷத்திலும் ஓட்டை இருந்தது. கீழ்ப்பிரிவா? மேல்பிரிவிலும் இருந்தது. ஒவ்வொரு ஊகமாக வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டாள். தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் வெறுமையான உறைகளின் பெயர்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள். மிஸ் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ், இந்தப் புள்ளைங்க எல்லாத்துக்கும் பொதுவா என்னா இருக்கு?"

மிஸ் ஊட்டுகிற கையை நிறுத்தாமல், கழுத்தை மட்டும் நீட்டி வாசித்தார். "பொதுவாவா? ஒண்ணுமில்லையே. இது ரெண்டும் கீழ்ப்பிரிவு, இது பங்களாவுக்குப் பின்னாடி லயம்..." சொல்லிக்கொண்டே வந்தவரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. "ஐயோ தர்மிளா. இதுங்க அம்மாமாரெல்லாம் வெளிநாடு."

"எல்லாருமா?"

"எல்லாரும். டுபாய், லெபனான், குவைத். அம்மா வெளிநாட்டுல இருக்கிற புள்ளைங்க மட்டுந்தான் இதுல இருக்கு."

தர்மிளா அந்தத் துண்டையே திரும்ப வாசித்தாள். ஒரு இரும்புப் பெட்டிக்கு எந்தப் பிள்ளையின் அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறாள், எந்தப் பிள்ளையின் அம்மா விமானம் ஏறிப் போனாள் என்று எப்படித் தெரியும்? அதை யாரும் அதற்குச் சொல்லவில்லையே. பேய் பிசாசு நம்புகிறவளாக இருந்திருந்தால் அன்றைக்கே எலுமிச்சம்பழம் வாங்கியிருப்பாள். அவள் நம்புகிறவள் இல்லை, ஆனாலும் அன்று மாலை பின்னறைக்குத் தனியாகப் போகக் கொஞ்சம் யோசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செய்தி லயத்துக்கு நடந்து போகவில்லை, பறந்தது. கண் காது மூக்கு வைத்துப் பறந்தது. அடுத்த நாள் ஜீவராணி ஆப்பீஸ் வாசலில் நின்றாள். இந்தத் தடவை பேச்சில் பணிவு இல்லை.

"போன அம்மாங்களோட புள்ளைங்கள மட்டும் யாரோ அழிச்சிருக்காங்களாமே?"

"யாரும் அழிக்கலக்கா. மிஷின்..."

"மிஷினுக்கு என்னையத் தெரியுமா?" என்று கேட்டாள் ஜீவராணி. "என் நாத்தனா சொல்லுது, புள்ளைய விட்டுட்டுப் போனவளுக்குப் புள்ளை வளந்ததப் பாக்குற பாக்கியம் எதுக்குன்னு யாரோ நெனைச்சிருப்பாங்கன்னு. நான் ஊரு சுத்தவா போனேன் தங்கச்சி? எம் புள்ளைக்குத்தானே போனேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தர்மிளாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஏன்னு கண்டுபுடிச்சு உங்ககிட்டயே மொதல்ல சொல்றேன்க்கா" என்றாள். வாக்கைக் கொடுத்துவிட்டு, எந்தத் தைரியத்தில் கொடுத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மிஸ்ஸிடம் இன்னொரு வழியும் கேட்டுப் பார்த்தாள். "வீடியோ போனா போகுது மிஸ். அதுல என்னா இருந்துச்சுன்னு நீங்க அக்காவுக்கு வாயால சொல்லிருங்களேன்."

மிஸ்ஸின் முகம் தொங்கிப்போனது. "எத்தனை புள்ளைங்க தர்மிளா. எது எப்ப நடந்துச்சுன்னு எனக்கு எப்புடி ஞாபகம் இருக்கும்? சேர்வர்ல இருக்குன்னு நான் மனசுல வச்சுக்கல." அதைச் சொல்வதற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுதி வைத்ததை மனசு உடனே இறக்கி வைத்துவிடும், எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் அதைச் சொல்லி அந்த மனுஷியைத் தேற்ற முடியவில்லை.

விடை கிடைத்தது ஒரு சாதாரண மத்தியானம். அன்றைக்கு லெபனானுக்குப் போன ஒருத்தியின் பிள்ளை முதன்முதலாகத் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டது. மிஸ் அதை வீடியோ பிடித்து, லெப்டொப்பில் ஏற்றி, பெயர் வைக்க உட்கார்ந்தார். தர்மிளா சும்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வரி போனது. பிறகும் தட்டினார்.

"மிஸ், இது ஃபைலுக்குப் பேரா, கடுதாசியா?"

"பேருதான். இவங்க அம்மா வந்து பாக்குறப்ப என்னா ஏதுன்னு வெளங்கணுமில்ல? பாத்து எழுதுறேன், கேள்விக்குறி, சாய்கோடு எல்லாம் போட்டா மிஷின் ஒத்துக்காது, அதெல்லாம் போடுறதில்ல."

"எல்லாப் புள்ளைக்கும் இப்புடித்தான் எழுதுவீங்களா?"

"சேச்சே, அதுக்கு நேரம் ஏது? அம்மா பக்கத்துல இருந்தா சாயங்காலம் கூட்டிட்டுப் போக வர்றப்ப வாசல்ல வச்சுச் சொல்லிருவேன். அதுங்களுக்குச் சும்மா 'கிருஷாந்த் பிறந்தநாள்' அவ்வளவுதான். வர முடியாத அம்மாமாருக்குத்தான் இப்புடி. அவங்களுக்கு நான் வாசல்ல சொல்ல வேண்டியது இங்க எழுதுறேன்."

தர்மிளா ஆப்பீஸுக்கு ஓடினாள்.

ஒரு வெற்றுக் கோப்புக்கு 'அ' என்று பெயர் வைத்துப் பெட்டிக்கு அனுப்பினாள். போனது. பெயரை ஒரு வரியாக நீட்டினாள். போனது. இரண்டு வரியாக நீட்டினாள். போகவில்லை. அதே நீளத்துக்கு இங்கிலீஷில் எழுதினாள். ஜம்மென்று போனது! சிங்களத்தில் எழுதினாள், தமிழைப் போலவே வாசலில் நின்றுவிட்டது. முக்தார் நானாவுக்குப் போன் போட்டாள்.

"ஆ, அதுவா புள்ள" என்றார் முக்தார் நானா, கடையில் யாருக்கோ மிச்சக் காசு கொடுத்துக்கொண்டே. இருக்கு என்பது அவர் பேச்சில் ஈக்கி. "ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அளவு ஈக்கி. பேருக்கு இவ்வளவு இடம்தான், அதுக்கு மேல ஏலா. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு இடம் போதும். தமிழ் எழுத்து ஒண்டுக்கு மூணு இடம் வேணும். கொம்பு, கால், புள்ளி வந்தா அதுக்கும் தனியா மூணு."

"அப்ப சேர்வர் மட்டும் எப்புடி நானா ஏத்துக்கிட்டுச்சு?"

"சேர்வர் எண்ணுறது எழுத்த. பெட்டி எண்ணுறது இடத்த. ரெண்டும் வேற வேற ஃபைல் சிஸ்டம். மென்பொருளோட கைட் புத்தகத்துல எந்தப் பெட்டிக்கு என்ன அளவுன்னு ஒரு அத்தியாயமே ஈக்கி. யார் வாசிக்கிற, செல்லுங்க பாப்போம்? நானும் வாசிக்கல்ல."

"ஆனா ஒவ்வொரு நாளும் பச்சையா சரி போட்டுத்தானே நானா வந்துச்சு?"

"பச்சைக்குக் கீழ சின்னதா எழுதியிருக்குமே. எந்தெந்த ஃபைல விட்டுட்டு வந்ததுன்னு லொக்ல பேரோட எழுதும். அதுக்கு வாய் இல்லையே தவிர ஒளிக்கத் தெரியா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இனி ஒண்டு செய்ங்க. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு அறிவித்தல் அனுப்பிடுங்க. ஃபைல் பேர் இங்கிலீஷ்ல, ரெண்டு சொல்லுக்கு மேல வேணாம்னு. பிரச்சினை முடிஞ்சி."

நல்ல யோசனைதான். செலவில்லாத யோசனை. தர்மிளா உடனே அறிவித்தலைத் தட்டி, அச்செடுத்து, தொரையின் கையெழுத்துக்கு வைத்தாள். லொக்கில், பேக்கப்பின் அன்றாடக் குறிப்பில், விட்டுப்போன பெயரெல்லாம் இருக்கும் என்று நானா சொன்னது பிறகுதான் உறைத்தது.

பேக்கப் அறிக்கைகள் தினமும் அவளுக்கு ஈமெயிலில் வந்துகொண்டுதான் இருந்தன. ஆரம்பத்தில் பார்த்தாள். பச்சை, பச்சை, பச்சை. எத்தனை நாளைக்குப் பச்சையைப் பார்ப்பது? தானாகவே ஒரு மூலைக்குப் போய் விழும்படி செய்துவிட்டாள். இப்போது அந்த மூலையைத் திறந்தாள். பச்சைச் சரிக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், 'எச்சரிக்கைகளுடன் நிறைவுற்றது' என்று இருந்தது. அதை அழுத்தினாள்.

பெயர்கள் வந்தன. பெட்டிக்குள் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பெயர்கள், ஒரு கொம்பு, ஒரு புள்ளி குறையாமல் முழுசாக வந்தன. கோப்பு எடுக்க முடியவில்லை என்று முறையிட, அந்தப் பெயரை முழுசாக எழுதித்தானே ஆகவேண்டும். ஒவ்வொரு இரவும் அந்த மென்பொருள் அதே பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுதி, இதை எடுக்க முடியவில்லை, இதை எடுக்க முடியவில்லை என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் பெயரை வாசித்தாள். இரண்டாவதை வாசித்தாள். அதற்குமேல் வாசிக்கத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

சதுஷிகாவின் பெயர்களை மட்டும் அச்செடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். ஜீவராணியை அங்கே வரச்சொல்லியிருந்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக இன்னும் நேரம் இருந்தது. சதுஷிகா ஒரு மூலையில் சிரட்டையில் மண் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வந்ததைப் பார்த்தாள், பார்க்காதது போலக் குனிந்துகொண்டாள்.

தர்மிளா எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் அழிக்கவில்லை என்பதையும், பெயர் நீளமாக இருந்ததால் பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும், வீடியோக்கள் போனது போனதுதான் என்பதையும், தினமும் வந்த எச்சரிக்கையைத் தான் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ரெண்டு வார்த்தையோட நிறுத்தியிருந்தா இருந்திருக்குமே! அக்கறையா எழுதினதுதான் கெடுத்துச்சா?"

ஜீவராணி கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். வாங்கிவிட்டுத் தர்மிளாவிடமே திருப்பிக் கொடுத்தாள். "நீயே வாசி தங்கச்சி. எனக்குக் கண்ணு நிக்காது."

தர்மிளா வாசித்தாள்.

"சதுஷிகா தத்தித் தத்தி நடந்து வந்து என் சேலையைப் பிடித்துவிட்டாள் ஜீவராணி, விழவில்லை, நீ எதிரில் நின்றதாக நினைத்துக்கொள்."

மிஸ் நிமிர்ந்தார். "ஆமா. ஆமா! இந்தத் தூண்கிட்டதான். நான் போனப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போனேன், இவ என்னையத் தொரத்திக்கிட்டு வந்தா." எழுந்து போய்த் தூணருகில் நின்று, பின்னால் பின்னால் நடந்து காட்டினார். அந்தப் பருத்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்து ஜீவராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு வந்தபின் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"சதுஷிகா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ரொட்டி கேட்டு அழுகிறாள், உறைப்பு சம்பலை நக்கி நக்கிச் சாப்பிடுகிறாள், உன் நாக்கு அப்படியே."

"எனக்கும் சம்பல்னா உசிரு" என்றாள் ஜீவராணி மெதுவாக.

"சதுஷிகா இடிக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளிந்தாள், இடி நின்றதும் வெளியே வந்து வானத்தைப் பார்த்துப் போடா என்று திட்டுகிறாள்."

இப்போது மிஸ்ஸுக்கு ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தது. எந்த மேசை, அன்றைக்கு என்ன மழை, பக்கத்தில் இருந்த எந்தப் பிள்ளை கூடச் சேர்ந்து திட்டியது என்று பெயரில் இல்லாததையெல்லாம் சொன்னார். மூலையில் சிரட்டைச் சத்தம் நின்றிருந்தது. தன் பெயர் திரும்பத் திரும்பக் கேட்டதும் சதுஷிகா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மிஸ்ஸுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடைசிப் பெயர். அச்செடுக்கும்போதே அது தர்மிளாவின் கண்ணில் பட்டிருந்தது. அதையும் வாசித்தாள்.

"மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் கூட்டிப்போக வரும்போது சதுஷிகா வாசலில் நின்று எல்லாருக்கும் டாட்டா காட்டுகிறாள், அழவில்லை ஜீவராணி, சத்தியமாக அழவில்லை."

வெளியே, ரப்பர் பால் நிறுக்கிற சிராக்கொட்டில் பக்கம் யாரோ பால் வாளியை வைக்கிற சத்தம் கேட்டது.

"அழுதேன்."

மிஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்.

"டாட்டா காட்டிட்டு, தண்ணிப் பீலிக்கிட்ட போயி அழுதேன். மிஸ் பாக்கல" என்றாள் சதுஷிகா. மிஸ்ஸிடம் சொல்லவில்லை. நேராக ஜீவராணியைப் பார்த்துச் சொன்னாள்.

ஜீவராணி தரையில் அப்படியே முழங்காலிட்டாள். கையை நீட்டவில்லை, நீட்டப் பயந்தாள். "எந்தப் பீலிடா சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. பிறகு முன்னால் வந்து, அம்மாவின் கையில் ஒரே ஒரு விரலைப் பிடித்து, "வா, காட்டுறேன்" என்று வெளியே இழுத்துக்கொண்டு போனது.

தர்மிளா வாசலில் நின்று பார்த்தாள். பீலியடியில் இரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். பிள்ளை கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வீடியோ வந்திருந்தால் அதில் டாட்டா காட்டுகிற பிள்ளைதான் இருந்திருக்கும், அழுத பிள்ளை இருந்திருக்காது. மிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, குற்றவாளி போல, "இனிமே எவ்வளவு எழுதலாம் தர்மிளா? ரெண்டு வார்த்தையா? பழகிக்கிறேன்" என்றார்.

தர்மிளா ஆப்பீஸுக்குப் போய், தொரையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த அறிவித்தலை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். போனை எடுத்தாள்.

"நானா, ஃபைல் ஃபைலா எடுக்காம டிஸ்க்க முழுசா அப்புடியே கட்டி எடுக்கிற மாதிரி ஒரு முறை இருக்கா? பேரப் பாக்காம?"

"ஈக்கி. ஆனா இடம் கூடப் போகும், நேரமும் இழுக்கும். எதுக்கு புள்ள கஷ்டம்? பேரச் சின்னதாக்கச் சொன்னா முடிஞ்சிதே."

"பேரு இனியும் நீளமாத்தான் நானா வரும்" என்றாள் தர்மிளா. "நீங்க பெட்டிய மாத்திக் குடுங்க."